கறிவேப்பிலைத் தொட்டியில் மூன்று கூடுகள்

நவம்பர் மாதத்தில், தோட்டத்தில் காய்ந்து நிற்கும் ஒரு தண்டை வெட்டலாமா, கூடாதா?

இதைவிட அற்பமான கேள்வி இருக்க முடியாது என்று எனக்கே தெரியும். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவள் நான். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். பிரசவ அறையில் வலி தெரியாமல் இருக்க ஊசி வேண்டுமா என்று கேட்டபோதுகூட ஒரு நிமிடத்தில் முடிவு செய்தேன். இந்தத் தண்டு விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு வருடமும் திணறுகிறேன். இதை எழுதும்போதும் செடி வெட்டும் கத்தரி சமையலறை மேடையில்தான் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சோம்புச் செடிகள் காய்ந்து பழுப்பாக நிற்கின்றன. கத்தரியை எடுத்துக்கொண்டு கதவுவரை போகிறேன். திரும்பி வந்து காபி போடுகிறேன்.

நாங்கள் நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறோம். மூத்த மகள் கிண்டர்கார்டன் சேர்வதற்குச் சில மாதங்கள் முன்புதான் அபார்ட்மெண்டை விட்டு இந்த வீட்டுக்கு வந்தோம். முன்னால் கொஞ்சம் புல், பின்னால் கொஞ்சம் புல், பின் வேலியை ஒட்டி ஒரு மண் பாத்தி, வாசலில் ஒரு பெரிய மேப்பிள் மரம். வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் அம்மாள் அந்த மரத்தைத் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்தது போலப் பெருமையாகக் காட்டினார். அது மார்ச் மாதம். மரம் மொட்டையாக நின்றது. அதில் எத்தனை இலை வரும், வந்த இலையெல்லாம் எங்கே போகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மே மாதம் பின்பக்கப் பாத்தியில் விதைத்தேன். நர்சரிக்கெல்லாம் போகவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வெந்தயம், முழுக் கொத்தமல்லி, சோம்பு என்று கையில் வந்ததைத் தூவினேன். வெந்தயம் வந்து போயிற்று. கொத்தமல்லி பூத்துக் காய்த்துக் கருகியது. சோம்பு மட்டும் என் தோள் உயரத்துக்கு வளர்ந்து, இறகு இறகாக விரிந்து, பாத்தியையே எடுத்துக்கொண்டது. கிள்ளி முகர்ந்தால் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது வரும் வாசனை. எனக்கு ஒரே பெருமை.

செப்டம்பரில் அந்தச் சோம்பில் புழு வந்தது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், பட்டைகளில் மஞ்சள் புள்ளிகள். தொட்டால் தலையில் இருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும்.

"ஸ்ப்ரே ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் கணவர்.

"நோ!" என்று அலறினாள் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

மறுநாள் ஒரு புழுவையும் ஒரு கொத்துச் சோம்பையும் ஊறுகாய் பாட்டிலில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். மாலையில் அழைத்து வரப் போனபோது அவளுடைய டீச்சர் என்னிடம் வந்து பேசினார். நான் ஊருக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினார். இது பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சியின் புழு. வருடத்தின் கடைசிப் புழுக்கள் செடித் தண்டுகளில் கூடு கட்டிக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தூங்கும், மே மாதம்தான் வெளியே வரும். அதனால் தோட்டத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். உதிர்ந்த இலையையும் கொஞ்சம் விட்டு வையுங்கள், மின்மினியின் குஞ்சுகள் அதற்கடியில் இருக்கும், தேரை பதுங்கும். தண்டின் உள்துளையில் சின்னத் தேனீக்கள்கூடத் தங்கும். எல்லாமே தோட்டத்துக்கு நல்லது செய்பவை.

எனக்கு இதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் நல்லது என்று படித்த ஒருவர் சொல்வதைக் கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த நிம்மதி அக்டோபர் இரண்டாவது வாரம்வரை இருந்தது.

புழுக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மகள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்திக்கு ஓடினாள். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். ஒரு சோம்புத் தண்டில் காய்ந்த குச்சியின் துண்டு போல ஒரு கூடு. இடுப்பில் ஒரு மெல்லிய நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது. தேடியதில் இன்னும் இரண்டு அகப்பட்டன. மூன்றுக்கும் அவள் தினமும் குட்நைட் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தம்பி தங்கை வேண்டும் என்று எங்களை அரித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த மூன்றும் அவளுக்கு என்னவாக இருந்தன என்பது எனக்குத் தெரியும்.

அதே வாரம் மேப்பிள் கொட்ட ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இலையை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். ஓர் இலை விழுந்தால் அது தரையில் படுவதற்குள் ஊதிவிடுவாரோ என்று தோன்றும். அவருடைய டிரைவ்வேயில் இலை போட்டுச் சாப்பிடலாம். ஊர் வண்டி வந்து அள்ளிப்போக வேண்டும் என்று எல்லோரும் இலையைத் தெருவோரம் குவித்து வைப்பார்கள். தெரு முழுக்க ஒரே சீராகக் குவியல்கள். எங்கள் வீட்டின் முன்னால் மட்டும் இலை எங்கே விழுந்ததோ அங்கேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் வேலி ஓரமாக வந்து, "வீட்டில்தான் இருக்கிறீர்களா? நீங்கள் எல்லோரும் இந்தியா போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து பாத்திரத்தை டமார் டமார் என்று கழுவினேன்.

அந்தத் தெருவில் நாங்கள் மட்டும்தான் இந்தியர்கள். மற்றவர்கள் வாசலில் இலை கிடந்தால் அவர்களுக்கு நேரமில்லை என்று அர்த்தம். எங்கள் வாசலில் கிடந்தால் இவர்கள் இப்படித்தான் என்று அர்த்தம். இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தவிர, வாசலைப் பெருக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்ற வீட்டில் வளர்ந்தவள் நான். தினமும் காலையில் முன்கதவைத் திறந்து அந்தக் குப்பையைப் பார்க்கும்போது, பல் விளக்காமல் வெளியே வந்துவிட்டது போல இருக்கும். தீபாவளிக்கு ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம்.

தீபாவளிக்கு முன்னமே வந்து நின்றது டாக்டர் அக்கா. அடுத்த தெருவில் இருக்கும் மதுரைக்காரர், குழந்தை மருத்துவர். இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆனவர். எங்கள் கறிவேப்பிலைச் செடியே, நாங்கள் அபார்ட்மெண்டில் இருந்தபோது அவர் தன் வீட்டுச் செடியின் வேரிலிருந்து எடுத்துக் கொடுத்த கன்றுதான். பாத்தியையும் இலையையும் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

"ஏம்மா, பிள்ளையை வச்சிருக்கிற வீடா இது?"

டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"டீச்சர் சொல்லுவாங்க. நாளைக்கு டிக் கடிச்சு ஜுரத்தோட தூக்கிட்டு வர்றது என்கிட்டதான? இந்த இலைக் குப்பைலயும் ஒசந்த புல்லுலயும்தான் அது உக்காந்திருக்கும். கசகசா சைஸ். கண்ணுக்கே தெரியாது. முட்டி வீங்கி எத்தனை பிள்ளைகளைப் பாக்குறேன் தெரியுமா? ஒழுங்கா வாரிப் போடு."

டிக் என்றால் உண்ணி. அது மாட்டுக்கும் நாய்க்கும் வருவது என்றுதான் எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கடிக்கும், கடித்த இடத்தில் சிவப்பாக வளையம் வரும், கவனிக்காவிட்டால் மூட்டுக்குள் போகும் என்று அக்கா சொன்ன பிறகு என் நிலைமையைக் கேட்க வேண்டாம். அன்றிலிருந்து மகளைக் குளிப்பாட்டும்போது காதின் பின்புறம், கழுத்து மயிர்க்கால், அக்குள், முழங்காலின் பின்மடிப்பு எல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். அவள் கூசிக் கூசிச் சிரித்தாள். அவள் உடம்பில் இருந்த ஒரு மச்சத்தைச் சுரண்டி அழவைத்தேன்.

கணவரிடம் கேட்டேன்.

"டீச்சர் சொல்றதும் கரெக்ட். அக்கா சொல்றதும் கரெக்ட்" என்றார், டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ நான் என்னதாங்க பண்றது?"

"நீதான டிசைட் பண்ணணும். தோட்டம் உன் டிபார்ட்மெண்ட்."

"இலையுமா?"

"இந்தப் பூச்சியும் நம்மள மாதிரிதான். ஸ்டேட்டஸ் வர்ற வரைக்கும் அசையாம ஒரே எடத்துல உக்காந்திருக்கு. கிரீன் கார்ட் வந்தா பறந்துடும். பாவம், விட்டுடேன்."

எங்களுடைய கிரீன் கார்டுக்கு அப்போது காத்துக்கொண்டிருந்தோம். சிரிப்பு வந்தது. அவர் மேல் இருந்த கோபத்தில் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் உறைபனி வரும் என்று டிவியில் சொன்னார்கள். குளிர் ஊர்களில் இருக்கும் தமிழ் வீடுகளில் அந்தச் செய்தி வந்தால் என்ன நடக்கும் என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையை உள்ளே எடுக்க வேண்டும். கோடை முழுக்க வெளியே டெக் என்ற மரத் தளத்தில் இருந்த செடியை, இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைத்து, தொட்டியின் மேல் மண்ணைக் கொத்தி, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் செய்தித்தாள் விரித்து வைப்போம். ஹீட்டர் காற்று வரும் துளை அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. அபார்ட்மெண்டில் இருந்தபோது ஒரு ராத்திரி அசட்டையாக இருந்து, காலையில் செடி வேகவைத்த கீரை மாதிரித் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது அடியில் இருந்து மறுபடி துளிர்க்க ஒரு வருடம் ஆயிற்று. இந்த நாட்டைப் பற்றி நான் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். குளிர் வந்தால் உயிருள்ளதை உள்ளே எடுத்து வை.

கணவர் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, "வழி, வழி" என்று வந்தபோது எனக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. கூடு இருக்கும் மூன்று தண்டை மட்டும் வெட்டி, கறிவேப்பிலைத் தொட்டி மண்ணில் குத்தி, உள்ளே வைத்துவிட்டால்? கூடு பத்திரம். பாத்தியை ஒட்ட வெட்டலாம். இலையை வாரலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாயை மூடுவார், அக்கா இடுப்பில் இருந்து கையை எடுப்பார்.

இருட்டுவதற்குள் செய்து முடித்தேன். தண்டு ஆடாமல் ஒரு கையால் பிடித்து, மறு கையால் வெட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவது போல உள்ளே கொண்டுவந்தேன்.

மகள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "டீச்சர் செட் அவுட்சைட்" என்றாள்.

"வெளில குளுரும் கண்ணு. ஐஸ் ஆயிடும். நம்ம கறிவேப்பிலை மாதிரி இதுவும் உள்ள சூடா இருக்கட்டும்."

அவள் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "பட் இட்ஸ் நாட் கறிவேப்பிலை, அம்மா."

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாளே பாத்தியை மொட்டை அடித்தேன். இலையை வாரி வாரி உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு தன் இயந்திரத்தோடு வந்து ஓரங்களை அவரே ஊதிக் கொடுத்தார். அத்தனை நல்ல மனிதர். அவர் மேல் கோபப்படக்கூட முடியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் வீடு பளிச்சென்று இருக்கிறது என்றார்கள். டாக்டர் அக்கா பின்பக்கம் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். நான் இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு முன்னால், பனி கொட்டி முடிந்த ஒரு காலை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுப் பக்கம் காகிதத்தைக் கசக்குவது போலச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கறுப்புப் பட்டுப்புடவைக்கு மஞ்சள் புட்டா போட்டது போல ஒரு பட்டாம்பூச்சி. கண்ணாடியில் முட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி முட்டுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக் முழுக்க வெள்ளை.

மகளைக் கூப்பிட்டேன். அவள் கத்திக்கொண்டு குதித்தாள். அப்பாவை எழுப்பி இழுத்து வந்தாள். பிறகு அவளும் வெளியே பார்த்தாள்.

"வேர் வில் இட் கோ?"

கணவர் என்னைப் பார்த்தார். தோசை கருகும் வாசனை வந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஹீட்டர் பக்கத்துல வச்சா மே மாசம் வந்துடுச்சுன்னு நெனச்சிருக்கும். அதுக்கென்ன காலண்டரா தெரியும்?" என்று சிரித்தார். என் குரலைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, "விடும்மா, பூச்சிதான" என்றார். வாரிப் போடு என்று இடுப்பில் கை வைத்தவர் அவர்தான்.

டீச்சரையும் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அது குளிரைத் தாங்கத்தான் பிறந்தது, குளிர் அதற்குக் கெடுதல் இல்லை என்றார். சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் கொடுங்கள், மிச்சம் இருப்பதை உடனே வெளியே வைத்துவிடுங்கள் என்றார். அந்த முறையும் சொல்லுக்குச் சொல் நிறுத்தித்தான் பேசினார். அந்த முறை அது எனக்குத் தேவையாக இருந்தது.

மிச்சம் இருந்த இரண்டு தண்டையும் எடுத்துக்கொண்டு பனியில் இறங்கினோம். இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். இருந்த இடம் எங்கே இருந்தது? பாத்தியில் ஒரு குச்சி இல்லை, ஓர் இலை இல்லை. பனிக்கு அடியில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. தண்டைக் குத்தினால் இறங்கவில்லை. கடைசியில் வேலிக் கட்டையில் நூல் போட்டுக் கட்டினோம். எத்தனை சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பட்டாம்பூச்சி சில நாள் இருந்தது. பெரும்பாலும் கறிவேப்பிலை மேல்தான் உட்கார்ந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரை ஒரு தடவை குடித்தது, பிறகு குடிக்கவில்லை. பூக்கடையில் இருந்து கணவர் பூங்கொத்து வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். எனக்குக்கூட அவர் அப்படி வாங்கி வந்ததில்லை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் காலை அது செய்தித்தாள் மேல் விழுந்து கிடந்தது.

மகள் அழுவாள் என்று தயாராக இருந்தேன். அழவில்லை. இறக்கையைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய கறுப்புத் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"நெக்ஸ்ட் டைம் ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட்" என்றாள்.

ஐந்து வயதுக் குழந்தை. அவளைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். உண்மையில் கேட்காமலே அவள் சொன்னாள். நான் ஊரில் எல்லோரையும் கேட்டேன்.

வேலியில் கட்டிய இரண்டில் ஒன்று வசந்தத்தில் கறுத்துச் சுருங்கிப்போயிற்று. இன்னொன்று காலியாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு துளை. அதில் இருந்து வந்தது பட்டாம்பூச்சியா, அதைத் தின்ற வேறு ஏதாவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மகள் பட்டாம்பூச்சிதான் என்று முடிவு செய்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் நான் வீம்பாக ஒன்றையும் தொடவில்லை. முன்பக்கத்து இலையை மட்டும் வாரிப் பின்பக்கப் பாத்தியில் கொட்டினேன். சோம்பை அப்படியே விட்டேன். "உங்கள் இலை வாரும் ரேக் உடைந்துவிட்டதா? என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு மேலாக அந்தக் குவியலைப் பார்த்து. பட்டாம்பூச்சிக்காக என்று விளக்கினேன். "ஓ" என்றார். அந்த ஓவில் எத்தனையோ இருந்தது. இவ்வளவு பேச்சும் கேட்டுக்கொண்டு விட்டு வைத்தேனே, அந்த வருடம் ஒரு கூடாவது கண்ணில் பட்டதா? இல்லை. புழுக்கள் வந்தன, தின்றன, போயின. மே மாதம் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி புதுச் சோம்புத் துளிர்மேல் சுற்றியது. எங்கள் தோட்டத்தில் தூங்கியதா, எங்கிருந்தோ வந்ததா, அதைக் கேட்கவா முடியும்?

அடுத்த மாதமே மகளின் முழங்கால் மடிப்பில் அது இருந்தது. கசகசா சைஸ். அக்கா சொன்னது போலவே.

அதைப் பிடுங்கியதும் அக்காதான். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக இழுத்து எடுத்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "வளையம் வருதான்னு பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். நான் வாரக்கணக்கில் அந்த இடத்தைப் பார்த்தேன். தூங்கும்போது போர்வையை விலக்கிப் பார்த்தேன். கொசு கடித்துச் சிவந்தாலும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வளையம் வரவில்லை, ஜுரமும் வரவில்லை.

"ஸ்கூல்ல ஃபீல்ட் ட்ரிப் போனாங்களே, அங்க ஏறியிருக்கலாம். பார்க்ல ஏறியிருக்கலாம். நம்ம தோட்டம்னு எப்படிச் சொல்ற?" என்றார் கணவர்.

"நம்ம தோட்டம் இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"அதுவும் கரெக்ட்தான்."

அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் நான் நிறைமாதம். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரே வாரினார். பாதி வாரிவிட்டு முதுகு பிடித்துக்கொண்டது என்று உள்ளே வந்தார். மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் ஊதினார். பாத்தியை யாரோ வெட்டியிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது மறுபடி நவம்பர். மூத்தவளுக்கு எட்டு வயது. சின்னவள் நடக்கப் பழகுகிறாள். நாலடி நடந்து விழுந்து, விழுந்த இடத்தில் கைக்கு வந்ததை வாயில் போடுகிறாள். பின்பக்கத்துப் புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே அவளுக்கு நாலடிதான் தூரம். பாத்தியில் இந்த வருடம் கூடுகள் நிறையவே இருக்கின்றன. மூத்தவள் ஒவ்வொன்றாகத் தேடி, கூடு இருக்கும் தண்டுகளில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி வைத்திருக்கிறாள். கட்டலாமா என்று என்னைக் கேட்கவில்லை. கட்டிவிட்டு வந்து, "ரெட் மீன்ஸ் ஸ்டாப்" என்றாள். அடுத்த வாரம் இலை அள்ளும் வண்டி வருகிறது. பக்கத்து வீட்டிலிருந்து காலை முதல் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சிவப்பு நூல் கட்டிய தண்டுகளை நான் தொடப்போவதில்லை. அது மட்டும் நிச்சயம். நூல் கட்டாத மற்றதெல்லாம்தான் எனக்குப் பிரச்சினை. அவள் கண்ணில் படாத கூடு ஒன்று நூலில்லாத தண்டில் இருந்தால்? இலைக்கு அடியில் இருப்பவற்றுக்கு நூல் கட்ட முடியுமா? எல்லாவற்றையும் விட்டு வைத்து, சின்னவள் உடம்பில் ஒன்று ஏறினால், அந்த மடிப்புத் தொடைகளில் நான் எங்கே தேடுவேன்?

அதனால் இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். குளிர் ஊரில் என்னைவிட அதிக வருடம் இருந்தவர்கள், சின்னப் பிள்ளைகளையும் தோட்டத்தையும் ஒரே சமயத்தில் வைத்திருப்பவர்கள் யாராவது எழுதுங்கள். வாரிய இலையை வண்டியில் ஏற்றாமல், பிள்ளைகள் போகாத மூலையில் கொட்டி வைத்தால் மின்மினியும் தேரையும் பிழைக்குமா? வெட்டிய தண்டுகளைக் கட்டாகக் கட்டி வெளியிலேயே, வேலியில் சாய்த்து நிறுத்தினால் போதுமா? புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டால் அந்தக் கசகசா தாண்டி வராது? நீங்கள் செய்து பார்த்ததை, தவறிப் போனதையும் சேர்த்து எழுதுங்கள். வண்டி வருவதற்குள் எழுதினால் இன்னும் நல்லது.

தயவுசெய்து இரண்டும் கரெக்ட்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்வதற்கு வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.